திர்சா டார்பெலின் கலப்பைக்குப் பின்னால் வந்த மழை

அமெரிக்காவில், நெப்ராஸ்காவின் மேற்குப் பகுதியில், மரம் என்று சொல்ல ஒன்றுமில்லாத புல்வெளியில், திர்சா டார்பெல் ஏர் பிடித்த இடத்தில் மட்டும் மழை பெய்தது. அவளுக்குப் பின்னால் சற்றே தள்ளி, உழுசாலின் அகலத்துக்கு, சால் திரும்பும் பக்கமெல்லாம் தானும் திரும்பிப் பெய்தது. அவள் மாடுகளை நிறுத்தினால் மழையும் நின்றது. இதைக் கண்டு அந்த வட்டாரத்தில் ஒருவரும் வியக்கவில்லை. கலப்பை போகும் இடத்துக்கு மழை பின்னாலேயே வரும் என்று நிலக் கம்பெனி சொல்லித்தானே எல்லோரும் அந்தப் பொட்டலுக்கு வந்தார்கள்? பாதிரியாரும் பிரசங்கத்தில் அதையே சொன்னார். சொன்னது வந்தது, அவ்வளவுதான்.

வியப்புதான் இல்லை, கம்பெனிக்கு வெட்கமாவது இருந்திருக்கலாம். பக்கத்து நிலங்களில் ஒரு சொட்டு விழவில்லை. சோளம் முழங்கால் உயரத்திலேயே சுருண்டது. கம்பெனி ஏஜென்ட் பார்டன் ஸ்லேட்டிடம் முறையிட்டவர்களுக்கு, ஆழ உழவில்லை என்று பதில் வந்தது. ஆழ உழுதவனுக்கு, நேராக உழவில்லை என்று வந்தது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான். நார்வேக்காரன் ஹால்வோர் தன் கைக்குழந்தையை அந்தக் காய்ந்த மண்ணில் புதைத்துவிட்டுக் கிழக்கே திரும்பியபோதுகூட, அவன் உழவைக் குறை சொல்லித்தான் ஸ்லேட் வழியனுப்பினான். அந்தக் குழிக்கு மண் தள்ளியவர்களில் திர்சாவும் ஒருத்தி. அன்றிலிருந்து ஸ்லேட்டின் பெயரைக் கேட்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வீட்டிலும் ஒரு வயிற்றெரிச்சல் இருந்தது. கணவன் லெமுவேலின் கால் மாட்டுக்கடியில் சிக்கி நசுங்கிப்போனதாலும், பிள்ளைகள் சிறுசுகளாக இருந்ததாலும்தான் அவள் ஏர் பிடித்தாள். பெண் உழுவது குடும்பத்துக்குக் கேவலம் என்று அவனுடைய கோட்டையும் தொப்பியையும் மாட்டிக்கொண்டு உழுதாள். பத்திரிகைக்காரன் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு, மழையை அழைக்கும் லெமுவேல் டார்பெல் என்று எழுதினான். லெமுவேல் அதைத் திருத்தவில்லை. அந்தச் செய்தியைக் கத்தரித்து, புல்வேரோடு வெட்டிய மண்கட்டிகளால் கட்டிய வீட்டுச் சுவரில் ஒட்டினான். பாராட்ட வந்தவர்களுக்குத் திர்சா காபி போட்டுக் கொடுத்தாள். அவள் கைக்கொப்புளத்தைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

மூன்றாம் கோடையில் ஸ்லேட் வீட்டுக்கே வந்தான்.

"நிலம் வாங்க ஒரு ரயில் நிறைய குடும்பங்க வருது, லெமுவேல். அவங்க கண்ணு முன்னால ஒரு சால் ஓட்டிக் காட்டணும். நிலப்பத்திரம் அன்னைக்கே உங்க கையில."

"உழறது நான்தான்," என்றாள் திர்சா.

"எனக்குத் தெரியாதாம்மா? யார் உழுதா என்ன, கோட்டு ஒண்ணுதானே."

"ஓட்டலேன்னா?"

"நிலம் இன்னும் கம்பெனி பேர்லதான் இருக்கு. சாமானக் கட்டிக்க வேண்டியதுதான்."

அவன் போனதும் லெமுவேல் கெஞ்சினான். "ஒரே ஒரு சால்தான திர்சா. மூணு வருஷம் பாடுபட்ட மண்ணு."

"பாடுபட்டது யாரு?" என்றாள்.

ரயில் வந்த அன்று கொடி கட்டியிருந்தார்கள், ஊதுகுழல் வாசித்தார்கள். திர்சா கோட்டும் தொப்பியும் இல்லாமல் பாவாடையோடு வயலில் வந்து நின்றாள். கூட்டத்தின் முன்வரிசையில், இடுப்பில் குழந்தையோடு நின்ற ஒருத்தி கேட்டாள்: "நெசமாவே வருமாக்கா?"

"எனக்கு வரும். உனக்கு வராது."

ஸ்லேட் விளையாட்டுப் பேச்சு என்று சிரித்து மழுப்பப் பார்த்தான். திர்சா கலப்பையின் பிடியை அவன் பக்கம் திருப்பினாள். "நீங்களே ஓட்டுங்க ஐயா. ஆழமா, நேரா ஓட்டுங்க. எப்படின்னு எங்களுக்கெல்லாம் சொல்லிக் குடுத்தவராச்சே!"

அத்தனை பேர் முன்னால் மறுக்க முடியாமல் ஸ்லேட் ஓட்டினான். புழுதிதான் கிளம்பியது. குழந்தையோடு நின்றவளின் கணவனும் ஓட்டிப் பார்த்தான், புழுதி. பிறகு திர்சா பிடித்தாள். மழை பெய்தது. வயலோரம் ஊன்றுகோலில் நின்ற லெமுவேல் உரக்கச் சொன்னான்: "பேப்பர்ல வந்தது பொய்யி. ஒரு நாளும் நான் உழுததில்ல. அவதான்." சொன்னபோது அவன் முகம் அவமானத்தில் சிவந்திருந்தது. திர்சாவுக்கு அந்தச் சொல் கொஞ்சம் பிந்தி வந்ததாகத்தான் பட்டது. ஆனாலும் வந்ததே.

வந்த குடும்பங்கள் அதே ரயிலில் ஏறிப் போயின. மறுநாள் கம்பெனி ஆட்கள் டார்பெல்களை வெளியேற்றினார்கள். அறுவடைக்கு நின்ற கோதுமையில் ஒரு கதிரைத் தொட விடவில்லை. அநியாயக்காரர்கள்! திர்சா கணவனையும் பிள்ளைகளையும் வண்டியில் ஏற்றினாள். கலப்பைக்கு இடமில்லாததால், அதை வண்டியின் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு வடக்கே ஓட்டினாள். கொழு மண்ணைக் கீறிக்கொண்டே போனது. மழையும் கூடவே போனது. விட்டுவந்த வயலில் அதன்பின் ஒரு துளி விழவில்லை. வழிநெடுகக் காய்ந்து கிடந்த பண்ணைகளில், தொலைவில் அந்த வண்டி தெரிந்ததும் பெண்கள் கொடியில் கிடந்த துணிகளை எடுத்து உள்ளே போட்டுவிட்டு, தொட்டிகளை இழுத்து வந்து பாதையில் வைத்தார்கள்.