கம்பி நிற்கும் இடம்

கணவன் எமில் போன பிறகு கெஸ்லர் தோப்பு கேளிக்கைப் பூங்காவுக்கு வெர்னா வந்தது அன்றுதான் முதல் தடவை. பிப்ரவரியில் அவனை அடக்கம் செய்தார்கள். குளிர்காலத்தில் மூடியிருந்த பூங்கா மே கடைசியில் திறந்தது. ஜூன் பாதி கழிந்தும் அவளுக்கு மனசு வரவில்லை. ரோலர் கோஸ்டர் பிரியர்களின் கிளப்பிலிருந்து இரண்டு பேர் போன் செய்து, கூட வருகிறோம் என்றார்கள். நல்லவர்கள்தான், ஆனால் வழி முழுக்க ஆறுதல் சொல்லிக்கொண்டே வருவார்கள். வேண்டாம் என்றுவிட்டு, கூட்டம் குறைவாக இருக்கும் ஒரு வியாழக்கிழமை பார்த்து, தானே காரை ஓட்டிக்கொண்டு வந்தாள்.

பென்சில்வேனியாவில் இதைவிடப் பெரிய பூங்காக்கள் எத்தனையோ உண்டு. கெஸ்லர் தோப்பில் உள்ளே நுழையக் காசு கிடையாது. ஏறுகிற ஒவ்வொன்றுக்கும் ஒரு சீட்டு. வெர்னா ஆறு சீட்டு வாங்கிக்கொண்டு, வினிகர் தெளித்த உருளைக்கிழங்கு வறுவல் மணக்கும் கடையில்கூட நிற்காமல், ஓடைப் பாலத்தைத் தாண்டி நேராக நரியிடம் போனாள்.

நரி என்பது அங்கிருக்கும் மரக் கோஸ்டரின் பேர். தொண்ணூறு வருஷத்துப் பழசு. முந்நூற்றுச் சொச்சம் கோஸ்டர்களில் ஏறி இறங்கிய வெர்னா, அதற்கு இணையென்று வேறொன்றை ஒப்புக்கொண்டதே இல்லை. எல்லாம் அதன் மூன்றாவது மேட்டுக்காக. கடைசிப் பெட்டியில், கடைசி இருக்கையில் உட்கார வேண்டும். மேட்டின் உச்சியைத் தாண்டியதும் வண்டி விழும். உடம்பு மட்டும் விழ மாட்டேனென்று அடம்பிடித்து இருக்கையை விட்டு எழும்பும். அதற்குக் கோஸ்டர் பிரியர்கள் வைத்திருக்கும் பேர் ‘காற்று’. அந்த மேட்டின் காற்றைப் பற்றிக் கிளப் பத்திரிகையில் வெர்னா மூன்று கட்டுரை எழுதியிருக்கிறாள். வளைவின் கணக்கு, கட்டிய பொறியாளரின் மேதைமை, மழைக்குப் பிறகு மரம் ஊறும் விதம் எல்லாம் அதில் இருந்தன. ஒஹாயோக்காரர் ஒருவர் மறுத்து எழுதினார்: தானும் அதே இருக்கையில் உட்கார்ந்து பார்த்ததாகவும், அப்படியொன்றும் எழும்பவில்லை என்றும். அந்த மனிதரோடு இரண்டு வருஷம் கடிதத்திலேயே சண்டை போட்டாள்.

வண்டி ஏறும் மேடையில் மடிக் கம்பிகளைச் சரிபார்த்து வண்டியை அனுப்புகிறவள் ட்ரூடி. இருபத்தெட்டு வருஷமாக அதே வேலை. வெர்னாவைக் கண்டதும் வந்து கட்டிக்கொண்டாள், வாயைத் திறக்கவில்லை. வெர்னாவுக்கு அதுதான் வேண்டியிருந்தது.

கடைசி இருக்கையில் தனியாக உட்கார்ந்தாள். பக்கத்து இடத்தைப் பார்க்கவில்லை. மடிக்குக் குறுக்கே கம்பி இறங்கி, தொடைமேல் வந்து படிந்தது. சங்கிலி வண்டியை இழுத்தது. முதல் இறக்கம் பழைய இறக்கம்தான், இரண்டாவதும் அப்படித்தான். மூன்றாவது மேட்டில் இரண்டு கையையும் தூக்கிக் காத்திருந்தாள். ஒன்றும் நடக்கவில்லை. வண்டியோடு சேர்ந்து அவளும் ஒரு மூட்டை மாதிரி விழுந்தாள்.

இரண்டாவது சீட்டைக் கொடுத்து மறுபடி ஏறினாள். மறுபடியும் அதே கதை.

அப்போதுதான் அவளுக்குப் பயம் பிடித்தது. துக்கத்தில் சாப்பாடு ருசிக்காது என்றார்கள், அவளுக்கு ருசித்தது. தூக்கம் வராது என்றார்கள், வந்தது. அப்படியானால் எமில் எடுத்துக்கொண்டு போனது இதைத்தானா? இதுவும் போய்விட்டது என்றால் இனி வருகிற கோடைகளை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்?

இறங்கி ட்ரூடியிடம் வந்தாள். “தண்டவாளத்துல ஏதாவது மாத்துனீங்களா?”

“ஒரு ஆணியக்கூடத் தொடல.”

“மூணாவது மேடு செத்துப்போச்சு, ட்ரூடி.”

ட்ரூடி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு காலி வண்டியின் கடைசி இருக்கையைக் கை காட்டினாள். “மேடு சாகல. அங்க கம்பி ஒண்ணு, ஆளு ரெண்டு. எது பெரிய வயிறோ அதுலதான் கம்பி போய் நிக்கும். இத்தன வருஷமா எமில் வயித்துல நின்னுச்சு. உன் மடிக்கும் கம்பிக்கும் நடுவுல ஒரு பூசணிக்காயே வைக்கலாம், அவ்வளவு எடம். இப்ப நேரா உன் தொடையில வந்து உக்காந்துக்குது. அப்புறம் எங்கேர்ந்து எழும்புவ?”

மூன்று கட்டுரை. பொறியாளரின் மேதைமை. அந்த ஒஹாயோக்காரர் தென்னங்குச்சி மாதிரி இருப்பார், எப்போதும் தனியாகத்தான் வருவார் என்பது இப்போது நினைவுக்கு வந்தது. அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரிப்பு எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று அவளுக்கே தெரியவில்லை. ட்ரூடி பாட்டுக்கு அடுத்த வண்டியை ஏற்றி அனுப்பிவிட்டு வந்தாள்.

“அவனுக்கு இது தெரியுமா?” என்று கேட்டாள் வெர்னா.

தெரியும் என்றாள் ட்ரூடி. போன ஜூலையில் ஆஸ்பத்திரிவாசம் எமிலைப் பாதி ஆளாக்கியிருந்தபோது, சட்டைக்குள் ஸ்வெட்டரை மடித்து வைத்துக்கொண்டு வந்தானாம். கம்பியை அழுத்தும்போது கைக்கு மெத்தென்று பட்டதாம். அவள் நிமிர்ந்து பார்க்க, அவன் வெர்னாவின் தலைக்கு மேலாகக் கண்ணாலேயே கெஞ்சினானாம். விதிப்படி தப்பு, தெரிந்தால் வேலை போயிருக்கும். பூட்டு விழுந்துவிட்டதா என்று இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள்.

வெர்னா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “எனக்கு அது இன்னொரு தடவ வேணும், ட்ரூடி. ஒரே ஒரு தடவ.”

“ஸ்வெட்டர் கதையெல்லாம் இனிமே நடக்காது. நெசமான வயிறா ஒண்ணக் கூட்டிட்டு வா.”

வியாழக்கிழமை என்றாலும் தோப்பில் வயிறுகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு மனைவி இருந்தாள். மரத்தடி மேசைகளில் ஏதோ தொழிற்சங்கத்தாரின் விருந்து நடந்தது. அங்கே அருமையான வயிறு ஒன்று, முகத்தைத் தொப்பியால் மூடித் தூங்கிக்கொண்டிருந்தது. ஒரு பெண், அதுவும் அறுபத்தேழு வயதுக்காரி, முன்பின் தெரியாத ஆண்களின் வயிற்றைப் பார்த்துக்கொண்டே நடப்பது எப்படித் தெரியும் என்று யோசித்ததும் வெர்னாவுக்குக் காது சூடேறியது.

புதிதாகப் போட்டிருந்த இரும்புக் கோஸ்டருக்கு எதிரே வந்தபோதுதான் டுவேனைப் பார்த்தாள். பேரெல்லாம் பிறகு தெரிந்தது. நாற்பது வயது இருக்கும், லாரி ஓட்டுகிறவர். மகளோடு ஏறி உட்கார்ந்திருந்தார். தோள்பூட்டைப் பணியாள் மூன்று தடவை அழுத்தினான். பொருந்தவில்லை. வரிசையில் நின்றவர்கள் எல்லாம் பார்க்க அவர் இறங்கி, படியில் தனியாக வந்தார். கிளப்பில் அந்த நடைக்கும் ஒரு பேர் உண்டு. ‘வெட்க நடை’ என்பார்கள். வெர்னாவும் அதைச் சொல்லிச் சிரித்தவள்தான். வண்டி மகளை மட்டும் ஏற்றிக்கொண்டு போனது. அவர் பைகளோடும் மகள் கழற்றிக் கொடுத்த செருப்போடும் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார்.

வெர்னா பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்து, வெயில், கூட்டம் என்று கொஞ்சம் பேசினாள். பிறகு தயாராக வைத்திருந்த பொய்யைச் சொன்னாள்: நரியில் தனியாக ஏற விடுவதில்லை, துணைக்கு ஓர் ஆள் வேண்டும், தன்னிடம் சீட்டு இருக்கிறது.

“நான் இப்பதான் அந்தப் பக்கமா வந்தேன், மேடம். ஒரு பெரியவர் அதுல தனியாத்தான் ஏறிப் போயிட்டிருந்தார்.”

மாட்டிக்கொண்டாள். இனி உண்மையைச் சொல்வதைத் தவிர வழியில்லை. “நெசத்தச் சொல்றேன், தம்பி. கோவப்படக் கூடாது. எனக்கு உங்க வயிறு வேணும்.”

அவர் குனிந்து தன் வயிற்றைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். வெர்னா கம்பியையும் எமிலையும் தன் தொடையையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். டுவேன் மகளின் செருப்பைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தார். மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போய்விடலாம் என்று அவள் எழுந்தாள்.

“காலையிலேர்ந்து இத வேணாம்னு சொன்னவங்கதான் எல்லாரும்,” என்றார் அவர். “வேணும்னு வந்தது நீங்க ஒருத்தர்தான்.” பிறகு கேட்டார்: “அந்தக் கம்பி பூட்டுமா? இன்னொரு தடவ எறங்கி நடக்க என்னால ஆகாது.”

“பூட்டும். அந்தக் காலத்துல சொரங்கத்து ஆளுங்களுக்குன்னு கட்டுனது. உங்க மாதிரி ஆளுங்களப் பாத்துத்தான் அளவே எடுத்திருப்பாங்க.”

ட்ரூடி கம்பியை இறக்கினாள். இரண்டு முறை கிளிக்கென்றது. டுவேனின் வயிற்றில் நின்றுவிட்டது. ட்ரூடி இழுத்துப் பார்த்தாள், இன்னொரு தடவையும் இழுத்தாள், முகத்தில் எதையும் காட்டாமல் நகர்ந்தாள். வெர்னாவின் மடிமேல் வெறும் இடம் இருந்தது.

முதல் மேடு. இரண்டாவது. மூன்றாவதின் உச்சியில் மரம் ஒருமுறை முனகியது. முன்பெட்டிகள் கண்ணிலிருந்து மறைந்தன. அடுத்த கணம் அவளுக்கு அடியில் எதுவும் இல்லை. பாரம் இல்லை, வயது இல்லை. கம்பி மடியில் முட்டும்வரை எழும்பி, ஓடைக்கு மேலே, இலைகளின் உயரத்தில் ஒரு மூச்சு நேரம் அவள் அந்தரத்தில் நின்றாள். போகவில்லை. அது எங்கேயும் போகவில்லை.

அந்த ஒரு மூச்சுக்குள், பக்கத்தில் ஆள் விழுந்துவிட்டாரோ என்ற நினைப்பில் தலையைத் திருப்பினாள். டுவேன் இருக்கையோடு இருக்கையாக இருந்தார். கம்பி அவரைப் பிடித்துவைத்திருந்தது. ஒரு விரற்கடைகூட அவர் எழும்பவில்லை.

வண்டி நிலையத்துக்குள் மெல்ல ஊர்ந்து வரும்போது கேட்டாள். “நீங்க எழும்பவே இல்லையா?”

“எங்க, மேடம்? என்னக் கட்டிப்போட்ட மாதிரி இருந்துச்சு.”

“அப்ப என்னதான் பண்ணுனீங்க?”

“உங்களப் பாத்துட்டு இருந்தேன். சும்மா சொல்லக்கூடாது, நல்லாயிருந்துச்சு.”

எமில் கண்ணை இறுக மூடிக்கொண்டுதான் வருவான் என்று கிளப் முழுக்க வெர்னா சொல்லிச் சிரித்திருக்கிறாள். அவளாக வைத்துக்கொண்ட முடிவு அது. முப்பத்தொரு கோடைகளில் ஒரு தடவைகூட அந்த மேட்டில் அவள் பக்கத்தில் திரும்பிப் பார்த்ததில்லை.

வெளிவாசலில் டுவேனின் மகள் ஷெல்பி செருப்பில்லாமல் நின்றாள். பன்னிரண்டு வயது, கொத்தவரங்காய் மாதிரி உடம்பு. “என்னப்பா, இதுலயாவது உன்ன எறக்கி விடாம வெச்சிக்கிட்டாங்களா?”

“நான் இருந்தாத்தான் இதுல ஆளு பறக்கவே முடியும். வேணும்னா இவங்களக் கேளு.”

ஷெல்பி நம்பாமல் வெர்னாவைப் பார்த்தாள். ஆமாம் என்று தலையாட்டினாள் வெர்னா. மிச்சமிருந்த இரண்டு சீட்டையும் அப்பாவுக்கும் மகளுக்கும் என்று டுவேனின் கையில் திணித்து, பைகளை வாங்கிக்கொண்டாள். நீங்களே இன்னொரு தடவை போங்களேன் என்றார் அவர். இப்போது வேண்டாம், நான் கீழே நின்று பார்க்கிறேன் என்றாள்.

ஓடைக்கரையில் மூன்றாவது மேடு நன்றாகத் தெரிகிற ஓர் இடம் இருந்தது. அங்கே இதுவரை அவள் நின்றதில்லை. எப்போதும் மேலே இருப்பவள். பைகளைக் காலடியில் வைத்துவிட்டு அண்ணாந்து நின்றாள். சங்கிலியின் சத்தம் கேட்டது, நின்றது. மரச்சட்டங்கள் நடுங்கின. பெட்டிகள் உச்சிக்கு வந்து ஒவ்வொன்றாகக் கவிழ்ந்தன. கடைசி இருக்கையில் அந்தப் பெண் எழும்பினாள். முடி அவளுக்கு மேலே எழும்பியது, இரண்டு கையும் ஆகாயத்தில். பக்கத்தில் அந்தப் பெரிய உருவம் அசையாமல் உட்கார்ந்திருந்தது. அதன் தலை மட்டும் அவள் பக்கமாகத் திரும்பியிருந்தது.