மறுபக்கம் துண்டித்தது

…திரையில் ஒரு சின்னப் பெட்டிக்குள் இருந்த சரி அடையாளம், அதைத்தான் எடுத்துவிட்டேன், அதற்கு மேல் நான் என்ன செய்தேன், யாரையும் அடித்தேனா, பொய்… சரி, பொய் சொன்னேன். கமலாட்சி அம்மா மூன்றாவது கணினிக்கு முன்னால் ஹெட்போனை மாட்டியபடி இருக்கிறார், பதினொன்றே கால், அவருடைய மகன் ஜனகன் இன்றைக்கும் இணைப்பில் வரவில்லை, இல்லாத தூசியை நான் துடைத்துக்கொண்டிருக்கிறேன். மாங்குளத்தில் விடியப்புறம் பஸ் ஏறி, இராணுவம், இயக்கம் என்று இரண்டு பக்கத்துச் சோதனைக்கும் இறங்கி நின்று, பையைக் கொட்டிக் காட்டி, திரும்ப ஏறி வவுனியாவில் என் இன்டர்நெட் கடைக்கு வருகிறார், ஒவ்வொரு வியாழனும் இதே பாடு, சுவிஸில் இருக்கும் மகன் வேலைக்குப் போகுமுன் கணினியில் அரை மணி நேரம் கதைப்பான் என்பதற்காக. மூன்று கிழமையாக அந்த அரை மணியும் இல்லை. கடைக்காரன் றிஸ்வான் நல்ல பிள்ளை என்று போன கிழமை தோடம்பழம் வேறு கொண்டுவந்து தந்தார், அதை நான் எப்படித் தின்பது?

கணினியில் கதைக்கிற மென்பொருளின் பழைய பதிப்பில் அந்தப் பெட்டிக்கு ஒரு வசதி இருந்தது. யாரும் பேசாவிட்டாலும் சில விநாடிக்கு ஒருதரம் இந்தக் கணினி அந்தக் கணினிக்கு ‘இருக்கிறேன்’ என்று ஒரு குறி அனுப்பும், அதுவும் பதில் அனுப்பும், தொடர்பு அறாமல் நிற்கும். ஒற்றை இணைப்பை ஆறு கணினிக்குப் பிரித்துக் கொடுக்கிறவனுக்குத்தான் அதன் தொல்லை தெரியும், எல்லாம் இழுத்து இழுத்து ஓடும். புதுப் பதிப்பு வந்தபோது அந்த வசதிக்குப் பக்கத்திலேயே ‘பழையது, விரைவில் நீக்கப்படும்’ என்று போட்டிருந்தார்கள், செய்தவனே வேண்டாம் என்கிறான், நான் ஏன் அதைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும்? எடுத்தேன், வேகம் வந்தது, வீட்டில் மனைவி நஸீஹாவிடம்கூடப் பெருமையடித்தேன். இனி இரண்டு பக்கமும் ஒரு நிமிடம் சத்தமில்லாவிட்டால் ஆளில்லை என்று எண்ணித் தொடர்பைத் தானாகவே அறுத்துவிடும், அவ்வளவுதானே, கதைக்க வந்தவர்கள் ஒரு நிமிடம் சும்மா இருப்பார்களா? ‘கேக்குதோ, கேக்குதோ’ என்றே அரைவாசி நேரத்தைக் கழிக்கிற சனம் எங்கள் சனம், இவர்களா வாயை மூடிக்கொண்டு இருக்கப்போகிறார்கள் என்று நினைத்தேன்.

மூன்று கிழமைக்கு முன் ஒரு வியாழன் கமலாட்சி அம்மா முகம் வெளிறி என் மேசைக்கு வந்தார். திரையில் ‘மறுபக்கம் தொடர்பைத் துண்டித்தது’ என்று ஆங்கிலத்தில் கிடந்தது, நான்தான் வாசித்துச் சொன்னேன். ஜனகன் கேட்டது ஒரே ஒரு கேள்வியாம், அப்பாவுக்குக் கொள்ளி வைக்க நான் வரவில்லை, என்னில் கோபமா அம்மா என்று. இவர் உடனே பதில் சொல்லவில்லை, சொல்ல வாயெடுத்தபோது சத்தம் நின்றுவிட்டது. “அவன் வைச்சிட்டானோ, தம்பி?” “அப்பிடித்தான் அம்மா காட்டுது.” காட்டுதாம்… சரி அடையாளத்தை நான் எடுத்துவிட்டதால் என் கணினிதான் அறுத்தது. அவனுடைய திரையிலும் அதே வரிதானே விழுந்திருக்கும், அம்மா பதில் சொல்லாமலே வைத்துவிட்டார் என்று அவன் நினைத்திருப்பான், இரண்டு பேருக்கும் மற்றவர்மேல் பழியைப் போட்டுவிட்டு நான் நடுவில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். அன்று பின்னேரமே சரி அடையாளத்தைத் திரும்பப் போட்டேன், வாயைத்தான் திறக்கவில்லை. அவனுடைய மின்னஞ்சல் விலாசம் என்னிடம் இருக்கிறது, இரண்டு வரி எழுதினால் முடிந்தது. ஏன் எழுதவில்லை? றிஸ்வானின் கடையில் கதைக்கும்போதே அறுத்துவிடுவார்கள் என்று ஊர் சொல்லும்… இல்லை, அதுகூட நான் தேடின சாட்டு, வெட்கம், வெறும் வெட்கம்.

ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைக்கிறார், பையை எடுக்கிறார். “தம்பி, இனி நான் வரேல்லை. அவனுக்கு என்னை வெறுத்துப்போச்சு. வந்தானெண்டா, அம்மா சுகமா இருக்கிறா எண்டு மட்டும் சொல்லிவிடுங்கோ.” வாசல்வரை போய்விட்டார். இப்போதும் பேசாவிட்டால் நான் என்ன மனிசன்?

“அம்மா, கொஞ்சம் நில்லுங்கோ. அண்டைக்கு ஜனகன் வைக்கேல்லை. என்ர மெசின்தான் அறுத்தது. ரெண்டு பக்கமும் ஒரு நிமிசம் சத்தமில்லாட்டி அறுக்கும் எண்டு தெரிஞ்சும் நான்தான் அப்பிடி விட்டனான். உங்களுக்குப் பொய் சொல்லிப்போட்டன்.” ஏசுவார் என்று நின்றேன், ஏசினால் நன்றாக இருந்திருக்கும். அவர் திரும்பி வந்து கதிரையில் இருந்தார்.

“ஒரு நிமிசமோ?”

“ஓம்.”

“அந்த நிமிசம் முழுக்க அவனும் ஒண்டும் கதைக்கேல்லையோ?”

“கதைச்சிருந்தா அறுந்திராது, அம்மா.”

“சின்னனிலயிருந்து அவன் ஒண்டு கேட்டா பதிலுக்கு நிக்கமாட்டான். கேட்டுப்போட்டு ஓடிடுவான்.” சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். “இதுக்கு நிண்டிருக்கிறான்.”

மூன்று கிழமையாக என் பிழையை எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்த்தேன், இதை மட்டும் பார்க்கவே இல்லை, அவன் அங்கே காத்துக்கொண்டிருந்தான் என்பதை. ஆளில்லாத இணைப்பு என்று என் கணினி கணக்கெடுத்தது அதைத்தானா… மின்னஞ்சலைத் திறந்தேன், என் பிழையை முதல் வரியில் எழுதினேன், அடுத்த வரி என்னுடையதல்ல. அவர் என்ன சொல்ல வாயெடுத்தார் என்பது எனக்கு இன்னும் தெரியாது, கோபம் என்றுதான் சொல்ல இருந்தாரோ? “என்ன பதில் எழுத, அம்மா?” என்று கேட்டேன். அவர் யோசித்தார், இந்தமுறை ஒரு நிமிடத்தில் அறுக்க எதுவும் இல்லை, நான் விசைப்பலகையில் கையை வைத்துக் காத்திருந்தேன்.