தையல்காரர் கொடுத்த கத்தரிக்கோல்

ஐந்தரைக்கு எழுவேன். டீ போடுவேன். மனைவி குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொள்வாள். உள்ளே கத்தரிக்கோல் சத்தம் கேட்கும். மலம் இறங்க வயிற்றில் ஒட்டிக்கொள்ளும் பையின் ஒட்டுப்பட்டையில், குடல்வாய் அளவுக்கு வட்டம் வெட்டுவாள். அப்புறம் போன். சிரிப்பு.

மறுமுனையில் அடுத்த தெருத் தையல்காரர்.

ஆறாத புண் என்று அவளுடைய பெருங்குடலையே எடுத்துவிட்டார்கள். முதலில் வெளியே பை. பிறகு சிறுகுடலை மடித்து உள்ளேயே ஒரு பை தைத்தார்கள். இரண்டு வருடம் நன்றாக இருந்தாள். அதன்பின் உள்பை அடிக்கடி வீங்கியது, காய்ச்சல் வந்தது, மறுபடி வெளிப்பை. தையல்காரருக்கும் அதே அறுவை, பதினோரு வருடத்துக்கு முன்னால். மருத்துவமனை வரிசையில் பழக்கம். பட்டன் துளை வெட்டும் சின்னக் கத்தரியை அவர்தான் கொடுத்தார்.

"நான் வெட்டித் தர்றேனே" என்றேன் ஒருநாள், கதவுக்கு வெளியே நின்று.

"உங்களுக்கு எதுக்குங்க இந்தக் கண்றாவி?"

"அவர் மட்டும் பாக்கலாமா?"

"அண்ணன் எங்க பாத்தாரு? அவருக்கும் இருக்கு, அவ்ளோதான்."

எனக்கு இல்லை. அதுதான் எரிந்தது. எனக்கும் ஒரு பை இருந்திருக்கலாம் என்றுகூட நினைத்திருக்கிறேன்.

அன்று காலை கத்தரிச் சத்தம் இல்லை. என் போன் அடித்தது. தையல்காரர்.

"தம்பி, ராத்திரியிலேர்ந்து பையில ஒண்ணும் இறங்கலையாம். வயிறு கல்லா இருக்காம். வெந்நீர் குடிக்கச் சொன்னேன், கேக்கலை. குடல் அடைச்சிருக்கும். உடனே கூட்டிட்டுப் போங்க."

"உங்ககிட்ட எப்ப சொன்னா?"

"நாலு மணிக்கு. நீங்க அசந்து தூங்குறீங்கன்னு எழுப்பலையாம்."

நான் பக்கத்தில்தான் படுத்திருந்தேன்.

"எங்க வீட்டு விஷயத்தை நாங்க பாத்துக்கறோம்" என்று வைத்துவிட்டேன்.

அவளாக என்னிடம் சொல்லட்டும் என்று காத்திருந்தேன். டீ குடித்தேன். பேப்பரை இரண்டு தடவை படித்தேன். எட்டரைக்குக் குளியலறையில் அவள் விழும் சத்தம் கேட்டது.

பழைய தழும்பில் குடல் சிக்கி, முறுக்கி, அழுகியிருந்தது. "கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாம்" என்றார் மருத்துவர். எவ்வளவு முன்னாடி என்று நான் கேட்கவில்லை.

அவளை எடுப்பதற்கு முன், கடைசியாக என்ன சொன்னாள் என்று மாமியார் கேட்டார். "உங்களைத்தான் தேடினா அத்தை" என்றேன். தையல்காரரும் வந்திருந்தார். வாசலோரம் நின்றுவிட்டுப் போனார். கத்தரியை அவர் கேட்கவில்லை. நானும் கொடுக்கவில்லை.

அன்று அறுவை அறைக்குள் அவளைத் தள்ளிக்கொண்டு போகும்போது என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். குனிந்தேன்.

"அண்ணனுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிடுங்க. பாவம், காலையிலேர்ந்து காத்துக்கிட்டிருப்பாரு."