ஒற்றை வெடி

…ஒன்று, ஒரே ஒன்று, ஒரு தடவைக்கு ஒரு ரவைதான் உள்ளே போக வேண்டும், இரண்டாவதற்கு அதில் இடமே இருக்கக் கூடாது என்று இதற்கு முன் இரண்டு கடைகளில் சொல்லியாயிற்று, இரண்டு இடத்திலும் சிரித்தார்கள், ஒருவன் பல் தெரியச் சிரித்தான், மற்றவன் மரியாதை கருதி மீசைக்குள் சிரித்தான், ஒற்றை வெடித் துவக்கு இருந்த கடையில் அதன் குழல்முனையில் சைலன்சர் பூட்டுவதற்குப் புரி இருக்கவில்லை, புரி இருந்தவையெல்லாம் வயிற்றில் மூன்றையும் ஐந்தையும் விழுங்கி வைத்திருப்பவை… இந்த மூன்றாமவன், கார்ஸ்டன், சிரிக்கவில்லை, மேசைமேல் பச்சைக் கம்பளித் துணியை விரித்து அதன் நான்கு மூலைகளையும் இழுத்து நேராக்குகிறான், துணியை நேராக்கத் தெரிந்தவனிடம் துவக்கு வாங்கலாம் என்று விமலாதேவிக்குத் தோன்றுகிறது. எதற்கு என்று கேட்கிறான். மோர்ஹுண்டுக்கு, இரவில், வீட்டிலிருந்து எண்பது மீட்டருக்குள், என்று அவள் தன் டேனிஷில் ஒரு விகுதியும் பிசகாமல் சொல்கிறாள், பொலிசின் அனுமதிக் கடிதங்கள் இரண்டையும், துவக்குக்கு ஒன்று, சைலன்சருக்கு ஒன்று, திகதி ஒழுங்கில் அடுக்கி அவன்முன் வைக்கிறாள். வெளியே முற்றத்தில், கார்க் கண்ணாடிகளை முழுதாக ஏற்றிவிட்டு, வானொலியை உரக்க வைத்துக்கொண்டு பாலேந்திரா இருக்கிறார், அவளுடைய கணவர், வெடிச் சத்தம் ஆகாதவர், ஆண்டு பிறக்கும் இரவுகளில் ஹொல்ஸ்டெப்ரோ நகரம் முழுவதும் வாணவெடி கொளுத்தும்போது குளியலறையில் விளக்கை அணைத்து, நீர்க்குழாயைத் திறந்துவிட்டு, அதன் கீழே குந்தியிருப்பவர். அவருக்காகத்தான் சைலன்சர். அப்படித்தான் பொலிசுக்கு எழுதினாள், அப்படித்தான் எல்லோருக்கும் சொன்னாள்.

மோர்ஹுண்ட் என்ற அந்த விலங்கை முதலில் பார்த்தபோது கீரியோ பூனையோ என்று நினைத்தாள், பிறகு அது முகத்தைத் திருப்பியது… நரிக்கும் நாய்க்கும் நடுவில் ஒரு உடம்பு, கண்களைச் சுற்றிக் கறுத்த வளையம், முகத்தில் எதையோ கட்டிக்கொண்டு வந்ததைப் போல. முதியோர் இல்லத்தில் இருபத்தாறு ஆண்டு வேலை செய்து ஓய்வு பெற்ற பணத்தில் ஹொல்ஸ்டெப்ரோவுக்கு வெளியே பழைய சிறுபண்ணை ஒன்றை வாங்கி, முப்பத்தொரு ஊர்க்கோழிகளை வளர்த்து, நகரத்துத் தமிழ்க் குடும்பங்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்த காலம், சென்ற ஆண்டுக் கந்தசஷ்டி, அவள் ஆறு நாளும் தண்ணீரும் பழமும் மட்டும், வீட்டில் ஓர் உயிரைத் தொடக் கூடாது, வந்து கேட்டவர்களையும் சூரன்போர் முடியட்டும் என்று திருப்பி அனுப்பியிருந்தாள். நான்காம் நாள் காலை, அயல் பண்ணைக்காரன் இரவல் தந்த கூண்டுக்குள் அது அகப்பட்டுக் கிடந்தது. அவனைக் கூப்பிட்டிருந்தால் இரண்டு நிமிடத்தில் முடித்திருப்பான், ஆனால் அவள் வளவில், அவள் விரதத்தில், எப்படி… கூண்டைக் கைவண்டியில் ஏற்றி, ஓடையைத் தாண்டித் தள்ளிக்கொண்டு போய்க் கதவைத் திறந்துவிட்டாள். போ என்று தமிழில் சொன்னாள். அவிழ்த்து விட்டீர்களா, அவிழ்த்தா விட்டீர்கள் என்று அயலவன் பிறகு மூன்று தரம் கேட்டான், வெளியிலிருந்து வந்து பெருகிய விலங்கு, இந்த நாட்டில் அதை விடுவது குற்றம் என்றான், விரதம் என்பதற்கு டேனிஷில் அவள் சொன்ன சொல் அவனுக்கு உடல் இளைப்பதற்கான ஏதோ வைத்தியமாகப் பட்டிருக்க வேண்டும். விட்டது அவள்தானே. ஆறாம் நாள் விடியற்காலை பத்தொன்பது கோழிகள். தின்றது ஒன்றை, மற்றப் பதினெட்டும் சும்மா, கழுத்துகள் திருகி, குடல்கள் கம்பிவலையில் பூவாரம்போல் இழுபட்டு, ஒரு பேடு தலையில்லாமல் இன்னும் காலை உதைத்துக்கொண்டிருந்தது, அதன் கீழே உடைந்த முட்டையின் மஞ்சள் இரத்தத்தோடு கலக்காமல் தனியாக நின்றது… கலக்காமல் நின்றதை ஏன் கவனித்தாள்?

வயிறு நிரம்பியதால், தான் வந்த துளையால் திரும்பிப் போக முடியாமல் இடுப்போடு சிக்கி, அது அவளைப் பார்த்தது. மண்வெட்டி சுவரில் சாய்ந்திருந்தது, வைத்த இடத்தில், எப்போதும் வைக்கும் இடத்தில். முதல் அடியில் அது தொய்ந்து விழுந்தது, ஆனால் செத்ததுபோல் கிடப்பது இதற்குப் பழக்கம், ஆகவே இன்னொன்று போட வேண்டும் என்று அவளுக்குத் தெரியும், போட்டாள், மண்டையோடு ஈரக் கொட்டாங்குச்சிபோல் உள்ளே இறங்கியது, அது முடிந்தது, முடிந்தது என்று கைக்குத் தெரிந்தது. பிறகு ஏன்? பிறகு அந்தக் கறுத்த வளையங்கள் இருந்தன. எண்பத்தெட்டில் ஊர்ப் பள்ளிக்கூட முற்றத்தில் ஆண்களை இராணுவம் வரிசையாக இருத்தி, தலையில் சாக்கு மாட்டிய ஒருவனை முன்னால் நடத்திக்கொண்டு வந்தது, சாக்கில் இரண்டு ஓட்டை, ஓட்டைகளைச் சுற்றிக் கரி, பெண்கள் வேலிக்கு இந்தப் பக்கம், கலியாணமாகி ஆறு மாதம், சாக்கு ஒவ்வொருவர் முன்னாலும் நின்றது, பாலேந்திராவின் முன்னால் நின்று ஆடியது, மேலும் கீழும், ஒரு தரம், அவ்வளவுதான், கொண்டுபோனார்கள், நான்கு மாதம் கழித்துத் திரும்பி வந்தவர் அவரல்ல, படிகளை எண்ணுபவர், கரண்டிகளை எண்ணுபவர், அங்கே என்ன நடந்தது என்று இன்றுவரை வாய் திறக்காதவர். மூன்று, நான்கு, மூக்கு போயிற்று, ஆறு, ஏழு, தாடை தனியாக வந்தது, மண்வெட்டி நிலத்தில் பட்டு மணி அடித்தது, ஆறு நாள் பட்டினியில் இந்தப் பலம் எங்கிருந்தது… பதினொன்றில் நிறுத்தினாள், நிறுத்தினாளா, அல்லது பிடி வழுக்கியதா? திரும்பியபோது குசினி ஜன்னலில் அவர் நின்றார். அன்று மாலை மண்வெட்டியைக் காணவில்லை. யார் எடுத்து எங்கே வைத்தார் என்று அவளும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

பிறகு இந்த ஒரு வருடம், செத்ததன் சோடியோ பிள்ளையோ, புரட்டாதியில் இன்னொன்று வந்து ஏழு கோழியைக் கொண்டுபோயிற்று. வேலி போடுங்களேன் அம்மா என்று புரொண்பியிலிருந்து மகள் தனுசியா தொலைபேசியில் டேனிஷில் சொன்னாள், வேலி இருக்கிறது என்று இவள் தமிழில் சொன்னாள், அப்படியானால் கோழிகளை விற்றுவிடுங்கள், அறுபத்து மூன்று வயதில் துவக்குத் தூக்கும் அம்மாவை என் வேலையிடத்தில் எப்படி விளக்குவது என்றாள். வேட்டைப் பரீட்சைக்கு இருபது பேர் வகுப்பில் அவள் ஒருத்திதான் சேலைக்குப் பழகிய இடுப்பு, முதல் தடவையிலேயே தேறியவள், துவக்குப் பரீட்சையில் ஆறுக்கு ஆறு. அமலராணி, ஒவ்வொரு முறையும் கோழி சின்னன் என்று முறைப்பாடு சொல்லி வாங்குகிறவள், அனுமதிக் கடிதத்தைப் பார்த்துவிட்டு, “அக்கா, இனி உங்கடை கோழி சின்னனெண்டு ஆர் வாய் திறக்கிறது?” என்றாள், எல்லோரும் சிரித்தார்கள், விமலாதேவியும் சிரித்தாள், ஆனால் ஏன் ஒற்றை வெடி என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாளா? ஒன்று சுட்டதும் துவக்கு வாயை மூடிவிட வேண்டும், மடிக்க வேண்டும், வெறுங்கூட்டை எடுக்க வேண்டும், புதிதை வைக்க வேண்டும், பூட்ட வேண்டும், அந்த நான்கு வேலைக்குள் மனுசி மனுசியாகத் திரும்பி வந்துவிடலாம், ஐந்து ரவை உள்ளே இருந்தால் திரும்பி வருவதற்கு வழி இல்லை… இது அவளுக்கு மட்டும் தெரிந்த கணக்கு.

கார்ஸ்டன் உள்ளறையிலிருந்து அதைக் கொண்டுவருகிறான், இறந்துபோன ஒரு ஆசிரியருடையது, மனைவி விற்கத் தந்தது என்கிறான், மடியும் துவக்கு, வாதுமை நிறக் கட்டை, குழல்முனையில் புரி. தருவதற்கு முன் மடிக்கிறான், குழலின் பின்வாயை அவளுக்குக் காட்டுகிறான், காலி, இந்த நாட்டு வேட்டைக்காரர் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குத் துவக்கு இப்படித்தான் போக வேண்டும், திறந்து, வெறுமையைக் காட்டி. வகுப்பில் இதை முதன்முதல் பார்த்த நாளில் இன்னொரு தரம் காட்டச் சொன்னாள், ஊரில் எத்தனையோ துவக்கு பார்த்தவள், படலையில், பஸ்ஸில், கோயில் வீதியில், நெஞ்சுக்கு நேரே, ஒருவனாவது திறந்து காட்டினானா, இதோ பார் அம்மா, உள்ளே ஒன்றுமில்லை என்று? சைலன்சரைப் பூட்டுகிறான், கறுத்த, முன்கை நீளத்துக் குழாய். சத்தம் முற்றாகப் போகாது, தடித்த புத்தகத்தை மேசையில் அடித்ததுபோல் இருக்கும், ஜன்னல் மூடிய வீட்டுக்குள் படுத்திருப்பவருக்குக் கேட்காது என்று உறுதி சொல்கிறான். அந்த உறுதியில் அவளுடைய தோள் எவ்வளவு இலேசாகிறது.

களஞ்சியத்தின் பின்னால் அவனுடைய சுடுகளம், மண்மேடு, எண்பது மீட்டரில் நரியின் படம் அச்சிட்ட கடதாசி. காதுக் கவசத்தை மாட்டுகிறாள், ரவைப்பெட்டி அவளுடைய இடப்பக்கம், நிதானமாக ஒன்று சுட்டுப் பாருங்கள் என்கிறான். துவக்கின் குறிபார்க்கும் கண்ணாடிக்குள் கடதாசி நரி, நரிதான், ஆனால் யாரோ முன்பு சுட்ட துளைகள் இரண்டு கண்ணுக்குப் பக்கத்தில், சுற்றிக் கரி படிந்து, சாக்கு… மூச்சைப் பாதியில் நிறுத்து, விரலை இழுக்காதே, அழுத்து. தொம். தோளில் ஒரு சிறு தள்ளல், அவ்வளவுதான், யாருக்கும் ஒன்றும் ஆகாததுபோல், மடி, எடு, வை, பூட்டு, சாக்கின் நெற்றி, தொம், அது தலையாட்டுகிறது, ஓம் இவன்தான் என்று ஆட்டுகிறது, மடி, வை, பூட்டு, ஆட்டு பார்ப்பம், தொம், கழுத்து, அதன் உள்ளே எவனுடைய வாய் இருந்தது, மாலையில் வீட்டுக்குப் போய்ச் சோறு தின்ற வாய், தொம், இப்போது எங்கே இருக்கிறாய், கோல்டிங்கிலா, கனடாவிலா, பேரப்பிள்ளை வைத்திருக்கிறாயா, தொம்… தோளில் ஒரு கை. போதும், போதும் என்கிறான் கார்ஸ்டன், முகத்தில் வியப்பு, ஒற்றைத் துவக்கில் இந்த வேகத்தை இதுவரை கண்டதில்லை என்கிறான், கடதாசியை எடுத்துவர மண்மேட்டுக்கு நடக்கிறான். அவள் காதுக் கவசத்தைக் கழற்றுகிறாள். முதுகின் பின்னால் சரளைக்கல் அரைபடுகிறது, பாலேந்திரா, மேல்சட்டைப் பொத்தானை ஒரு துளை மாற்றிப் பூட்டியபடி, காரை விட்டு இறங்கி வந்திருக்கிறார், வெடி வெடிக்கும் இடத்துக்கு, அவராக.

ரேடியோ பாடவில்லையா என்று கேட்கிறாள். அதை நிப்பாட்டிப்போட்டுத்தான் இருந்தேன், ஒன்றும் கேட்கவில்லை, அதுதான் வந்தேன் என்கிறார். பிறகு, மெல்ல, “எத்தினை?”

“ஒண்டுதான்.”

அவர் குனிகிறார், முழங்காலில் கை ஊன்றி, வெறுங்கூடுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி உள்ளங்கையில் வைக்கிறார், அவள் கீழே பார்க்கிறாள், ஒரு ஊசியையும் நிலத்தில் போடாதவள், இத்தனையையும் கண்டபடி விழவிட்டிருக்கிறாள்.

“அஞ்சு.”

“அது முதலிலை ஆரோ சுட்டது.”

“சூடாக் கிடக்கு, விமலா.” கையை மூடிக்கொள்கிறார். “அண்டைக்கும் மண்வெட்டியாலை பதினொண்டு அடிச்சனீர். ரண்டாவதோடை அது செத்திட்டுது. நான் ஜன்னலிலை நிண்டு எண்ணினனான்.”

“அது செத்தமாதிரிக் கிடக்கும். உங்களுக்குத் தெரியாதப்பா.”

“எனக்குத் தெரியும். நானும் அப்பிடிக் கிடந்தனான்.”

முப்பத்தாறு வருடத்தில் அந்த நான்கு மாதத்தைப் பற்றி அவர் சொன்ன முதல் வசனம், இங்கே, ஒரு டேனிஷ்காரனின் களஞ்சியத்தின் பின்னால், எழுவாயும் பயனிலையும் ஒழுங்காக நின்ற ஒரு வசனம். அவர் சைலன்சரைப் பார்க்கிறார்.

“இதை வாங்காதையும். சத்தம் கேக்கட்டும். ஒண்டு கேட்டு, பிறகு கேக்காட்டி, நான் படுத்திடுவன். ஒண்டுமே கேக்காட்டி விடியும்வரை எண்ணிக்கொண்டெல்லோ கிடப்பன்.”

கடதாசியோடு கார்ஸ்டன் திரும்பி வருகிறான், நரியின் முகம் இருந்த இடத்தில் ஒரே கிழிசல், அதை அவளுக்குப் பெருமையாகத் தூக்கிக் காட்டுகிறான், சைலன்சரையும் சேர்த்தே பொதி பண்ணட்டுமா என்று கேட்கிறான். அவருடைய காதுக்காகத்தானே, அவருக்காகத்தானே என்று ஒரு வருடமாகச் சொன்னாள், பொலிசுக்கு எழுதினாள், எழுத்துப் பிழை ஒன்றும் இல்லாத கடிதம்… அவர் கேட்டுவிடக் கூடாது என்றா, எண்ணிவிடக் கூடாது என்றா? ஒழுங்கான வேட்டைக்காரி செய்ய வேண்டியதை அவள் செய்கிறாள், துவக்கை மடித்து, பின்வாயைக் கணவர் பக்கம் திருப்பிப் பிடிக்கிறாள், பாருங்கோ, வெறுங்குழல், உள்ளே ஒன்றுமில்லை, அந்தப் பக்கத்து வெளிச்சம் தெரிகிறது. அவர் குழலைப் பார்க்கவில்லை. அவருடைய கண் அவளுடைய இடக்கையில் நிற்கிறது, அவளும் பார்க்கிறாள், நடுவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் இடையே, நுனி முன்னோக்கி, வைக்கத் தயாராக, ஆறாவது ரவை, அவளுடைய உடம்புச் சூட்டிலேயே வெதுவெதுத்துக்கொண்டு… பெட்டியிலிருந்து இதை எப்போது எடுத்தாள், போதும் என்று அவன் சொல்வதற்கு முன்னா, பின்னா?