போட்டு வாறன்

ஞானேஸ்வரன் மேடையேறினால் லண்டனில் எந்த மண்டபமாக இருந்தாலும் வயசானவர்கள் காதைப் பொத்திக்கொண்டு வெளியே போவார்கள், இளசுகள் உள்ளே ஓடி வருவார்கள். 'எரிமலை' என்ற ரொக் இசைக் குழுவை முப்பது வருஷம் கட்டி இழுத்த மனுஷன். தோள்வரை முடி, தோல் ஜாக்கெட், வாயைத் திறந்தால் இடி. அப்படிப்பட்டவர் அறுபத்துநாலு வயதில், 'கன்ட்ரி' என்கிற அமெரிக்க நாட்டுப்புறப் பாட்டுகளாகத் தனி அல்பம் போடப்போகிறேன் என்றபோது ஊரே சிரித்தது. அவர் மனைவி செல்வமலர் மட்டும் சிரிக்கவில்லை. தொண்டையில் ஒப்பரேஷன் நடந்த பிறகு அவருக்கு மிஞ்சியிருந்தது அடிக்குரல் ஒன்றுதான் என்பது அவளுக்குத் தெரியும். கத்த முடியாதவன் கதை சொல்லிப் பாடட்டுமே!

பக்கத்துத் தெரு ராம்கியின் கராஜில்தான் ஒலிப்பதிவு நடந்தது. கோயம்புத்தூர்ப் பையன், ஐ.டி. வேலை, பாட்டென்றால் உயிர். ஒரு கிற்றார், ஒரு பிடில், மழையில் நனைந்த எம்-25 சாலையையும் பிரிந்துபோனவர்களையும் பற்றி எட்டுப் பாட்டு. அல்பத்தின் பெயர் 'போட்டு வாறன்'. போய்விட்டு வருகிறேன் என்பதை யாழ்ப்பாணத்தில் அப்படித்தான் சொல்வார்கள்.

"அண்ணா, கடைசிப் பாட்டுல நடுவுல இவ்ளோ நேரம் சும்மா விட்டிருக்கீங்களே. லைட்டா ட்ரம்ஸ் போடலாமா? கம்ப்யூட்டர்லயே பண்ணிடறேன்" என்றான் ராம்கி.

"வேண்டாம். அது ஒருத்தன்ரை இடம்."

அந்த ஒருத்தன் மகன் நிஷாந்தன். எரிமலையின் ட்ரம்ஸ்காரன். ஏழு வருஷத்துக்கு முன் ஒரு கல்யாண வீட்டில் அவன் தாளம் ஒரு கணம் தடுமாற, ஞானேஸ்வரன் மைக்கிலேயே, "அடிக்கத் தெரியாட்டி இறங்கடா" என்றுவிட்டார். ஐந்நூறு பேர் பார்த்திருக்க அவன் இறங்கினான். லண்டனின் மறுகோடியில், குட்மேய்ஸில் வீடு எடுத்துக்கொண்டு போய்விட்டான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தாய்க்குப் போன் எடுப்பான். தகப்பனைப் பற்றி ஒரு சொல் கேட்க மாட்டான். மன்னிப்புக் கேட்க இவருக்கு வாய் வராது. அதனால்தான் பாட்டில் இடம் விட்டு வைத்திருந்தார். வெளியீட்டு மேடையிலும் ட்ரம்ஸ் வைக்கச் சொல்லியிருந்தார். செல்வமலர் போனில் மகனிடம் சொன்னாள். "பாப்பம்" என்றான். நம்மவர்கள் 'பாப்பம்' என்றால் முக்கால்வாசி இல்லை என்றுதான் அர்த்தம்.

வினையை இழுத்து வந்தது ராம்கியின் நல்ல மனசு. அண்ணனுக்குத் தெரியாமல் தானே ஒரு போஸ்டர் செய்தான். மளிகைக் கடைக் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் மரண அறிவித்தல்களை வருஷக்கணக்காக நடந்தபடியே பார்த்தவன். மேல் வரியைத் தாண்டி ஒருநாளும் படித்ததில்லை. பெரியவர்களை யாழ்ப்பாணத்தார் மரியாதையாக அறிமுகப்படுத்தும் முறை அது என்று நினைத்துவிட்டான், பாவி. கறுப்பு வெள்ளையில் ஞானேஸ்வரனின் முகம். மேலே 'போட்டு வாறன்'. கீழே, 'வேலணையைப் பிறப்பிடமாகவும், லண்டன் ரெய்னர்ஸ் லேனை வதிவிடமாகவும் கொண்ட ஞானேஸ்வரன் அவர்கள்'. ஞாயிறு மாலை நான்கு மணி, ஹாரோவில் மண்டபம், உற்றார் உறவினர் அனைவரும் வருக. அல்பம் என்ற சொல் மூலையில் பொடி எழுத்தில் கிடந்தது. சனிக்கிழமை காலை எல்லா வாட்ஸ்அப் குழுவுக்கும் அனுப்பினான்.

முதலில் சட்டனிலிருந்து மச்சாள் தயாளினி குழறி அழுதுகொண்டு போன் எடுத்தாள்.

"விசர்க் கதை கதையாதை! மனுஷன் குளிச்சுக்கொண்டு நிக்கிறார்" என்றாள் செல்வமலர். அதற்குப் பிறகு போன் ஓயவில்லை. அவர் சுகமாக இருக்கிறார், அது பாட்டு அல்பம் என்று சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் நொந்தது. ராம்கி வாசலில் வந்து அழாத குறையாக நின்றான். ஞானேஸ்வரனுக்கோ சிரிப்பு. "விடு தம்பி, நாளைக்கு மண்டபம் நிறையும்!"

மத்தியானம் நிஷாந்தனின் பெயர் திரையில் விழுந்தது. ஞாயிறு தவிர வேறு நாளில் அவன் தாய்க்குப் போன் எடுப்பதில்லை. செல்வமலர் குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"அம்மா… அப்பா செத்துப்போனார் எண்டு சனம் சொல்லுது, உண்மையோ?"

அழுதுகொண்டிருந்தான். ஏழு வருஷமாகத் தகப்பன் பெயரைச் சொல்லாத பிள்ளை தேம்பித் தேம்பி அழுதான். காலையிலிருந்து எல்லாருக்கும் சொன்ன அந்த ஒரே வசனம் அவள் தொண்டைவரை வந்து நின்றது. சொன்னால், சரி என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு குட்மேய்ஸிலேயே இருந்துவிடுவான். நேரில் வந்து தகப்பனைப் பார்த்துவிட்டால் எல்லாம் கரைந்துபோகும். அவளுக்கு இந்தப் பிள்ளை வீட்டுக்குள் வர வேண்டும். வேறொன்றும் வேண்டாம்.

"நீ வா, அப்பு" என்றாள். "கெதியா வா."

பொய் ஒன்றும் சொல்லவில்லையே என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டாள்.

வாசல் மணி அடித்ததும் கதவைத் திறந்தது ஞானேஸ்வரன்தான். கழுத்தில் துவாய், கையில் தேத்தண்ணி. கறுப்பு உடுப்பில், கண் வீங்கி நின்றான் நிஷாந்தன். தகப்பனை ஏற இறங்கப் பார்த்தான். கையை நீட்டி அவர் தோளைத் தொட்டுப் பார்த்தான். தொட்ட கை அங்கேயே கொஞ்ச நேரம் இருந்தது. செல்வமலருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

பிறகு அவன் தகப்பனைத் தாண்டி அவளைப் பார்த்தான். அவள் முகத்தைத் தாழ்த்திக்கொண்டாள். அவனுக்கு அது போதுமாக இருந்தது.

"உள்ள வாடா" என்றார் ஞானேஸ்வரன், குரல் உடைந்து.

"இல்லை, போகவேணும்."

அவள் செருப்பில்லாமல் கார்வரை ஓடினாள். "தம்பி, கோவிக்காதை. நீ வரவேணும் எண்டுதானடா…"

"வழி முழுக்கக் கத்திக்கொண்டு வந்தனான் அம்மா. கடைசியா அப்பாவோடை ஒரு சொல்லும் கதைக்கேல்லை எண்டு கத்தினனான்." மூக்கைப் புறங்கையால் துடைத்தான். "அப்பா என்னைச் சபையில வெட்கப்படுத்தினவர். அது அவரின்ரை குணம். நீங்களும் இப்பிடிச் செய்வீங்கள் எண்டு நான் நினைக்கேல்லை."

பின் இருக்கையில் ட்ரம்ஸ் குச்சிகள் இரண்டு, பையில் பாதி வெளியே தெரியக் கிடந்தன. அவள் அவற்றைப் பார்ப்பதை அவனும் பார்த்தான்.

"ஓம், நாளைக்கு வாறதாத்தான் இருந்தனான்" என்றுவிட்டுக் காரை எடுத்தான்.

மறுநாள் மண்டபம் பிதுங்கியது. செத்தவர் பாடுவதைக் கேட்க ஆருக்குத்தான் ஆசை இராது! மேடைக்குப் போகுமுன் ஞானேஸ்வரன் அவள் காதருகே குனிந்தார். "கண்டனீரே மலர், எனக்காக அழுதிருக்கிறான். வெட்கத்திலதான் நிக்காமல் போட்டான். எனக்கு அது போதும்." எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அவர் முகத்தில் அப்படியொரு நிம்மதி. அவள் அவர் சட்டைக் கொலரை இழுத்துச் சரிசெய்துவிட்டாள்.

கடைசிப் பாட்டு வந்தது. நடுவில் அவர் கிற்றாரை நிறுத்தி, ஆளில்லாத ட்ரம்ஸ் பக்கம் தலையைத் திருப்பிக்கொண்டு நின்றார். பாட்டு முடிந்துவிட்டது என்று நினைத்துச் சனம் கை தட்டியது.

முன்வரிசையில் செல்வமலர் மடியில் போனை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து அவள் எடுத்த ஒரு போனுக்கும் பதில் இல்லை. அன்று ஞாயிற்றுக்கிழமை.