ராணி கப்பலேறும் காட்சி

கொடுங்கோல் சக்கரவர்த்தி செத்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அவன் தள்ளிவைத்து, தீவுக்கு அனுப்பிக் கொன்ற இளம் ராணியைப் பற்றி என் கணவர் நுமிசியுஸ் ஒரு சோக நாடகம் எழுதியிருந்தார். ரோமாபுரியில் அதுவரை யாரும் அந்தக் கதையைத் தொடத் துணியவில்லை.

நண்பர் அவிதியுஸ் வீட்டுக் கூடத்தில் பிற்பகலில் முதல் வாசிப்பு. நடிகன் யூத்திகஸ் வாசித்தான். ராணிக்காக ஜனங்கள் திரண்டு, சக்கரவர்த்தியின் புது மனைவியின் சிலைகளைத் தெருவில் உருட்டும் இடம் வந்தது. கூடமே நிமிர்ந்து உட்கார்ந்தது. அப்போது அரண்மனைக் காவற்படைத் தலைவன் ஒருவன், இடுப்பில் வாளோடு உள்ளே வந்து நின்றான்.

யூத்திகஸ் பாதி வரியில் வாசிப்பதை நிறுத்தினான். அவிதியுஸ் அத்திப்பழத் தட்டையே உற்றுப் பார்த்தார். புது சக்கரவர்த்திக்கும் ஒற்றர்கள் இருந்தார்கள். என் கணவர் யூத்திகஸின் கையிலிருந்த ஏட்டுச் சுருளை வாங்கி அவசரமாகச் சுருட்டத் தொடங்கினார்.

எனக்கு எங்கிருந்துதான் துணிச்சல் வந்ததோ, எழுந்துபோய் அதைப் பிடுங்கினேன்.

"சும்மா இரு, செர்தோரியா. ஆம்பளைங்க கூட்டம் இது," என்று கணவர் முணுமுணுத்தார்.

"ஆம்பளைங்க ஒருத்தரும் வாயத் திறக்கலையே," என்றேன்.

வாசித்தேன். ராணியைக் கப்பலேற்றும் காட்சி. முதல் வரிகளில் குரல் நடுங்கியது. 'எங்கள் ராணியை எங்கே கொண்டுபோகிறீர்கள்?' என்று ஜனங்கள் கதறும் வரி வந்தபோது நடுக்கம் போன இடம் தெரியவில்லை.

காவற்படைத் தலைவன் கையை உயர்த்தினான்.

"கொஞ்சம் நிறுத்துங்கம்மா. வாசல்ல என் ஆளுங்க நிக்கிறாங்க. ஒண்ணும் கேக்கலைன்னு ஒரே புலம்பல். உள்ள விடலாமா?"

அவிதியுஸ் சரியென்று தலையை ஆட்டினார். வீரர்கள் கேடயங்களைச் சுவரில் சாத்திவிட்டு நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். காட்சியை முதலிலிருந்து தொடங்கினேன். யூத்திகஸுக்கும் உயிர் திரும்பியது. சக்கரவர்த்தியின் பேச்சை அவன் எடுத்துக்கொண்டு உறுமினான். ஜனங்களின் வரி மறுபடி வந்தபோது நான் வாயைத் திறப்பதற்குள் வீரர்கள் ஒரே குரலில் அதை முழங்கினார்கள். சற்று நேரத்தில் தெருவில் நின்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

என் கணவர் எழுதியதை அதுவரை ஏழெட்டுப் பேருக்குமேல் கேட்டதில்லை. அதிலும் பாதிப்பேர் தூங்கிவிடுவார்கள். அவர் தூணைப் பிடித்துக்கொண்டு, அழுகையும் சிரிப்புமாக நின்றார்.

முடிந்ததும் தலைவன் அவரிடம் போய், அடுத்த வாசிப்பு எங்கே என்று கேட்டான்.

அவர் என்னைப் பார்த்தார். "வாசிக்கிறவளக் கேளுங்க," என்றார்.