காலண்டர் பார்த்த காதல்

தன் புத்தகத்தை யாரும் படித்துவிடக் கூடாதே என்று வெளியீட்டு விழா மேடையிலேயே வேண்டிக்கொண்ட கவிஞர், பெரியநாயக்கன்பாளையத்தில் வரதராஜுலு ஒருவராகத்தான் இருப்பார். அவர் பம்ப்செட் கம்பெனி முதலாளி. மண்டபம் நிறைந்திருந்தது. இரும்பு வார்க்கும் ஃபவுண்டரிக்கு அரைநாள் லீவு விட்டுச் சாப்பாடும் போட்டால் எந்தக் கவிதைக்கும் மண்டபம் நிறையும்.

படித்துக்கொண்டிருந்தது ஒரே ஆள்தான். முன்வரிசையில் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அவர் மனைவி கனகம்.

கம்பெனிக்கு பேரிங் அனுப்பும் ஜப்பான்காரர்கள் வருஷா வருஷம் ஒரு காலண்டரும் அனுப்புவார்கள். ஜனவரியில் பனி, ஏப்ரலில் செர்ரிப் பூ, எல்லா மாதத்திலும் கிமோனோ கட்டிய ஒரே பெண். கோயமுத்தூரில் தடுக்கி விழுந்தவரெல்லாம் மூன்று வரியில் ஹைக்கூ எழுதிக்கொண்டிருந்த காலம் அது. வரதராஜுலுவும் ஆபீஸில் அந்தப் பெண்ணைப் பார்த்துப் பார்த்து எழுதித் தள்ளினார். அத்தோடு விட்டிருக்கலாம். 'இவை எழுதப்பட்டவை அல்ல. வாழப்பட்டவை' என்று முன்னுரையில் ஒரு வரி சேர்த்தார். அதை எழுதி முடித்தபோது தன் கையைத் தானே தொட்டுக் கும்பிடலாம்போல இருந்தது.

கனகம் ஒரு பக்கத்தில் விரலை வைத்து மூடியபடி மேடையோரம் வந்தாள்.

"ஏனுங்க."

அவருக்கு வியர்த்தது. வீட்டில் அவர்கள் பேசுவது தெலுங்கு. சண்டையும் சிரிப்பும் தெலுங்கில்தான். கனகம் தமிழில், அதுவும் 'ங்க' போட்டுப் பேசுவது வெளியாட்களிடம் மட்டும்.

"'செர்ரிப் பூ உதிர, கன்னத்து மச்சம், தனியே சிவக்கும்.' எனக்கு மச்சமே இல்லீங்களே. யாருங்க அது?"

"அது கவிதைம்மா. வந்து... காலண்டர்ல..."

அதற்குள், புத்தகத்தைப் பாராட்டிப் பேச வந்திருந்த பேராசிரியர் சாமுவேல் மைக்கைப் பிடித்துவிட்டார்.

"இதெல்லாம் கற்பனைல வராதுங்க! ஒருத்திகிட்ட மனசப் பறிகுடுத்தவரு மட்டுந்தான் எழுத முடியும். அந்த மச்சத்த நம்ம முதலாளி எவ்வளவு கிட்டத்துல பாத்திருக்கோணும்!"

அதுவரை சாப்பாட்டு வாசனையைப் பார்த்து உட்கார்ந்திருந்த ஃபவுண்டரி ஆட்கள் மனதாரக் கைதட்டினார்கள். கனகம் புத்தகத்தைக் கைப்பைக்குள் திணித்துத் தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தாள்.

உண்மையைச் சொன்னால் கவிஞன் செத்தான். சொல்லாவிட்டால் வீட்டில் சோறு இறங்காது. ஏற்புரைக்கு எழுந்தவர் மைக்கை வாங்கினார்.

"அப்படி யாரும் இல்லீங்க. எல்லாம் பேரிங் கம்பெனி காலண்டரப் பாத்து எழுதிப்போட்டேன். மச்சங்கூட அச்சுல மை தெறிச்சதாத்தான் இருக்கோணும். சத்தியமாங்க."

மண்டபம் ஒரு நிமிஷம் விழித்தது. சாமுவேல் துள்ளி எழுந்தார். "பாருங்க, பாருங்க! என்ன தன்னடக்கம்!" கரவொலி கூரையைத் தூக்கியது. பொன்னாடை மேல் பொன்னாடையாக விழுந்தது. கழுத்து கனக்க, வரதராஜுலு கனகத்தின் முகத்தைத் தேடினார். இவளும் இதைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டுவிட்டால்?

காரில் வீடு திரும்பும்போது ரயில்வே கேட் மூடியிருந்தது. கனகம் அவர் பக்கம் திரும்பினாள்.

"நெஜமாவே காலண்டரா?" கேள்வி தெலுங்கில் வந்தது. அவருக்குப் போன உயிர் திரும்பியது.

"ஆபீஸ்ல மாட்டியிருக்கு. இப்பவே வந்து பாரு."

"நம்பறேன். உங்களுக்கு அவ்வளவு சாமர்த்தியம் ஏது?" கனகம் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. "அப்ப காயிதத்துல இருக்கறவளுக்கு ஒரு புஸ்தகம். கூடவே குடித்தனம் பண்றவளுக்கு மூணு வரி வரலையாக்கும்?"

"உனக்கென்ன, எழுதிட்டாப் போச்சு."

"எழுத வேண்டாம். சொல்லுங்க. இப்ப."

அவர் ஜன்னலைப் பார்த்தார்.

"அங்க இல்ல. இங்க."

கனகத்தின் முகத்தைப் பார்த்தார். பனியும் இல்லை, பூவும் இல்லை. உதட்டின் மேல் வியர்வை, ஒரு பக்கம் சரிந்த கண்ணாடி. இந்த முகத்தில் எந்த மாதம் நடக்கிறது என்று அவருக்குப் பிடிபடவில்லை.

"சித்திரை வெயிலில்..." என்று தொடங்கினார்.

"ம்."

கூட்ஸ் வண்டி கடந்தது. இன்னும் நாலு பெட்டி கூடுதலாக இருந்திருக்கக் கூடாதா என்றிருந்தது. கேட் தூக்கினார்கள். டிரைவர் மயில்சாமி கியரைப் போட்டான்.

"எடுக்காதே மயில்சாமி," என்றாள் கனகம். "முதலாளி இன்னும் ரெண்டு வரி சொல்லோணும்."

பின்னால் மேட்டுப்பாளையம் பஸ் ஹாரனை அமுக்கிப் பிடித்தது.